அப்கிரேடு போட்டால் என் ஃபைல் போய்விடுமா?

மாம்பழ சீசன் முடிந்து மண்டிகளிலும் கூழ் ஆலைகளிலும் கை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது போல. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸின் அப்கிரேடு பற்றியவைதான்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறோம். கணக்கு முழுவதும் உபுண்டு 20.04 (லினக்ஸில் ஒரு வகை) போட்ட கம்ப்யூட்டரில், லிப்ரே ஆபீஸில் இருக்கிறது. நேராக 24.04-க்குப் போகலாமா? கணக்கு அழியுமா?

நேராகப் போக முடியாது. முதலில் 22.04, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு 24.04. தள்ளிப்போடவும் வேண்டாம், 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

உங்கள் கணக்கு இருப்பது ஹோம் கோப்புறையில், அதாவது உங்கள் சொந்தக் கோப்புகளுக்கான இடத்தில். அப்கிரேடு மாற்றுவது சிஸ்டம் கோப்புகளை. அதனால் அழியாது. ஆனாலும் நகல் எடுக்காமல் தொடங்காதீர்கள். வயசான ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் மூச்சு முட்ட வேலை கொடுக்கிறீர்கள். சாக நினைத்தால் அது அன்றைக்குத்தான் சாகும்.

நகல் எடுக்கும்போது கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் அப்போதுதான் தெரியும். மின்னஞ்சல், பிரவுசர் பாஸ்வேர்டு எல்லாம் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். நான் ஒருமுறை ஆவணங்கள், படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவிட்டு தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் நிரலின் கோப்புறையைக் கோட்டைவிட்டேன். பழைய மின்னஞ்சல் அத்தனையும் போயிற்று. எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, இரண்டு கணக்குக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள்.

காவேரிப்பட்டினத்தில் டிடிபி கடை. அப்கிரேடு செய்தால் பாமினி எழுத்துருக்கள் காணாமல் போகுமா?

அப்கிரேடில் போகாது. புதிதாக இன்ஸ்டால் செய்தால் போகலாம். ஹோமுக்குள் போட்ட எழுத்துரு ஹோமோடு வரும்; எல்லாப் பயனர்களுக்குமாக சிஸ்டத்துக்குள் போட்டது வராது. தனியாக ஒரு கோப்புறையில் எழுத்துருக்களைச் சேர்த்து வையுங்கள், கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்காது.

ஊத்தங்கரை. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதை லினக்ஸ் மின்ட் ஆக்க வேண்டும்.

தம்பி, இது அப்கிரேடு இல்லை, வீடு மாறுவது. மின்ட்டைப் போலவே பாஸும் ஒரு லினக்ஸ் வகை; டெபியன் என்ற இன்னொரு வகையை அடிப்படையாகக் கொண்டதுதான், ஆனாலும் அதன்மேல் மின்ட்டை ஏற்றி மேம்படுத்த முடியாது. கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு புதிதாகப் போடுவதுதான் வழி.

பென் டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பெயரில் முக்காற்புள்ளி உள்ள கோப்புகளும் தகராறு செய்யும். ஹோம் கோப்புறையை ஒரே சுருக்கக் கோப்பாக்கிவிட்டால் பெயர்த் தொல்லை தீரும். அளவு பெரிதாகும் என்பதால் டிரைவ் எக்ஸ்ஃபேட் வகையாக இருக்கட்டும்.

இன்ஸ்டால் செய்யும்போது 'டிஸ்க் முழுவதையும் அழி' என்ற வாய்ப்பைத் தொட்டால் விண்டோஸும் போகும். பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) நாமே தேர்வு செய்யும் வழியில் போய், பாஸ் இருந்த இடத்தை மட்டும் கொடு. இப்போதே ஹோமுக்குத் தனிப் பார்ட்டிஷன் வைத்துவிடு. அடுத்த முறை அதையே ஹோமாகக் காட்டி, 'ஃபார்மட்' டிக் போடாமல், அதே பயனர் பெயரைக் கொடுத்தால் போதும், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஒரே லேப்டாப்பில் இரண்டு பேர் என்றால், முன்பு உருவாக்கிய அதே வரிசையில் பயனர்களை உருவாக்க வேண்டும். லினக்ஸ் ஆளை அடையாளம் காண்பது எண்ணை வைத்து. முதல் ஆள் 1000, அடுத்தவர் 1001. வரிசை மாறினால் உன் கோப்பு அக்காவுடையதாகிவிடும்.

பென்னாகரம். உபுண்டு அப்கிரேடு பாதியில் இருக்கும்போது கரண்டு போய்விட்டது. இப்போது கறுப்புத் திரைதான்.

கோப்புகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆன் செய்ததும் ஷிஃப்ட் (சில கம்ப்யூட்டர்களில் எஸ்கேப்) அழுத்தி, ரெகவரி மோடுக்குப் போய் 'டிபிகேஜி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அரைகுறையாக நின்ற நிரல்களை அது சரிசெய்யப் பார்க்கும். அதற்கும் மசியாவிட்டால், இன்ஸ்டால் பென் டிரைவிலிருந்தே 'ட்ரை' என்று கொடுத்து உபுண்டுவை ஓடவிட்டு, முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள், மற்றது அப்புறம். அடுத்த முறை யுபிஎஸ் இல்லாமல் வேண்டாம், அண்ணா.

அரூர். சிஸ்டத்தை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் நிரல் போட்டிருக்கிறேன். தனியாக நகல் தேவையா?

தேவை. நீங்கள் மாற்றியமைக்காவிட்டால் அது ஹோமைத் தொடவே தொடாது.