துப்பறிவாளர் லைசென்ஸுக்கு 15,000 ரூபாயா?

கட்டாதீர்கள். வண்ணார்பேட்டையில் ‘அரசு துப்பறிவாளர் லைசென்ஸ்’ எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார்கள் என்கிறீர்களே, அப்படி ஒரு லைசென்ஸே இந்தியாவில் கிடையாது. துப்பறியும் ஏஜென்சிகளுக்கு லைசென்ஸ் கொண்டுவர 2007-இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை.

லைசென்ஸ் இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் உங்களிடம் காட்டிய மாதிரித் தாள் அநேகமாக 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்குத் தருவது. அது காவலாளி வைத்து நடத்துபவர்களுக்கு. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதிக் கேளுங்கள். பணம் கேட்கிற அண்ணாச்சி பேச்சை மாற்றுவார்.

தொழில் பழக ஏதாவது துப்பறியும் ஏஜென்சியில் வெளிவேலைக்குச் சேருங்கள். நம் பக்கம் மாப்பிள்ளை விசாரிப்புதான் அதிகம் வரும். தெருமுனை டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பையன் பேரில் கடன் பாக்கி எவ்வளவு என்று காது கொடுக்க வேண்டும். பொறுமை இருக்கிறதா?

அப்புறம், யாருடைய போன் கால் பட்டியலையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். அதில் கைதான துப்பறிவாளர்கள் உண்டு.