டேப்லெட் சார்ஜ் எங்கே போகிறது?

இரவு 90 சதவீதம் இருக்கும்போது மூடி வைக்கிறேன். யாரும் தொடுவதில்லை. காலையில் பார்த்தால் 55. பேட்டரி போய்விட்டதா?

அவசரப்பட்டுப் பேட்டரி மீது பழி போடாதீர்கள். இன்று இரவு விமானப் பயன்முறையில் போட்டு, சதவீதத்தைக் குறித்துவைத்துவிட்டுப் படுங்கள். காலையில் இரண்டு மூன்று சதவீதம்தான் இறங்கியிருக்கிறது என்றால் பேட்டரி நிரபராதி. வலைத்தொடர்பு வழியாக ஏதோ ஒன்று இரவெல்லாம் டேப்லெட்டைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது.

அது எது என்று பார்க்க, அமைப்புகளில் பேட்டரி பக்கத்துக்குப் போங்கள். மேலே நிற்கும் பெயரைவிட, பின்னணியில் அதிக நேரம் ஓடிய பெயர்தான் முக்கியம். என்னிடம் வந்த ஒரு டேப்லெட்டில் படங்களைச் சேமிக்கும் செயலி ஒரு நீளமான வீடியோவை மேலேற்ற முயன்று, பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வீடியோவை நீக்கியதும் பிரச்சினை தீர்ந்தது.

ஆண்ட்ராய்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து, அசையாமல் கிடக்கும் கருவியில் செயலிகளின் வேலையைத் தள்ளிப்போடும் ஏற்பாடு இருக்கிறது. எந்தச் செயலிக்காவது பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுத்திருந்தால், அது இந்த ஏற்பாட்டுக்குப் பெரிதாகக் கட்டுப்படாது. நிறுவும்போது கேட்ட அனுமதிக்கு யோசிக்காமல் ‘சரி’ சொல்லியிருப்பீர்கள்; எல்லோரும் செய்வதுதான்.

விமானப் பயன்முறையிலும் மளமளவென்று இறங்கினால், பாதுகாப்புப் பயன்முறையில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அதில் நீங்கள் நிறுவிய செயலிகள் இயங்காது. அப்போதும் இறங்கினால்தான் பேட்டரியையோ உள்ளிருக்கும் மின்பலகையையோ சந்தேகிக்க வேண்டும்.

திறந்திருக்கும் செயலிகளை அவ்வப்போது தள்ளித் தள்ளி மூடுகிறேன். சுத்தம் செய்யும் செயலி ஒன்றும் வைத்திருக்கிறேன். பலன் இல்லையே?

பலன் இருக்காது. மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் மின்சாரம் செலவாகும். சிக்கிக்கொண்ட செயலியை மட்டும் மூடுங்கள். சுத்தம் செய்ய வந்தது தானும் பின்னணியில் ஓடி, விளம்பரமும் காட்டும். முதலில் அதை நீக்குங்கள்.

கறுப்புப் பின்னணிக்கு மாற்றியும் மிச்சமாகவில்லை.

உங்களுடையது எல்சிடி திரையாக இருக்கும். அதில் படம் கறுப்பானாலும் பின்னாலிருக்கும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஓஎல்இடி திரையில்தான் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். எல்சிடிக்காரர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதே வழி.

சார்ஜரில் செருகியபடி மகன் விளையாடுகிறான். ஏறுவதற்குப் பதில் சதவீதம் இறங்குகிறது!

சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் அது பழைய போன் சார்ஜர்; கொடுப்பது 5 வாட்தான். 8000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை அதன் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 30 வாட் மணி. அது பத்து மணி நேரம் தாங்குகிறது என்றால், சாதாரண உபயோகத்தில் மணிக்கு 3 வாட் மணி செலவு. முழு வெளிச்சத்தில் கனமான விளையாட்டு ஓடினால் செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 5 வாட் வரவில் 6, 7 வாட் செலவு செய்தால் கையிருப்புதானே கரையும்? டேப்லெட்டுடன் வந்த சார்ஜரையே போடுங்கள். நைந்துபோன கேபிளும் இதே வேலையைச் செய்யும்.

புதிய பதிப்புக்கு மாறியதிலிருந்து வேகமாகத் தீர்கிறது.

இரண்டு நாள் பொறுங்கள். படங்களையும் கோப்புகளையும் உள்ளே மறுபடி பட்டியலிட்டுக்கொண்டிருக்கும்.

நான்கு வருடக் கருவி. 25 சதவீதத்தில் சட்டென்று அணைகிறது. மாதம் ஒருமுறை முழுதாகத் தீர்த்து ஏற்றச் சொல்கிறார்கள்.

முழுதாகத் தீர்க்கும் வழக்கம் நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்தது. லித்தியம் பேட்டரியை அடிக்கடி வற்றவிட்டால் அதற்குக் கெடுதல்தான். ஒரே ஒருமுறை தீர்த்து முழுதாக ஏற்றினால் சதவீதக் கணக்கு ஓரளவு சரியாகலாம், பேட்டரி இளமையாகிவிடாது. வயதான பேட்டரியில் உள்மின்தடை கூடிவிடும். சுமை ஏறியதும் வோல்ட் சரிந்து, கருவி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஐபேட் பேட்டரி 1000 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். பாதி பாதியாக இரண்டு முறை ஏற்றினால் ஒரு சுற்று. உங்களுடையதற்குப் பேட்டரி மாற்றும் வேளை வந்துவிட்டது.

திரையின் ஓரம் லேசாகத் தூக்கி, இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறது. சார்ஜும் நிற்பதில்லை.

பேட்டரி உப்பியிருக்கிறது. திரையை அழுத்தி உட்கார வைக்கவோ குத்திப் பார்க்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும். அணைத்து, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். இதைப் படிக்கும்போது அது சார்ஜரில் இருந்தால், முதலில் எழுந்து போய்க் கழற்றுங்கள்.