அட்கின் பிரபுவின் தோற்ற தீர்ப்பு, ஆனால் அதுவே சட்டம்

தோற்றுப்போன அட்கின் பிரபுவின் தீர்ப்பைப் பாடநூல் சட்டமாகக் காட்டுவது தவறா என்று கேட்டிருந்தீர்கள். பாடநூலில் தவறில்லை. போர்க்காலக் காவல் பற்றிய பிரிட்டிஷ் வழக்கான லிவர்சிட்ஜ் எதிர் ஆண்டர்சனில் (1941), ஐந்து நீதிபதிகளில் அட்கின் பிரபு தனியாளாகத்தான் மாறுபட்டார். ஆனாலும் இன்று சட்டமாக நிற்பது அவர் சொன்னதுதான். நான்குக்கு ஒன்று என்று தோற்ற தீர்ப்பை ஏன் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற உங்கள் குழப்பம் நியாயமானதே.

நீங்கள் 1941 தீர்ப்போடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவரைக் காவலில் வைக்க, நியாயமான காரணம் இருப்பதாக உள்துறை அமைச்சர் நல்லெண்ணத்தோடு நம்பினாலே போதும் என்றது பெரும்பான்மை. காரணம் உண்மையிலேயே இருக்க வேண்டும், அதை நீதிமன்றம் பார்க்கலாம் என்றார் அட்கின். போர் நடக்கும்போது அப்படி எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

அப்புறம், இலங்கையிலிருந்து லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போன நக்குட அலி வழக்கு, பெரும்பான்மையின் விளக்கத்தை அந்தப் போர்க்காலச் சூழலோடு சுருக்கியது. 1979-இல் ராஸ்மின்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் வழக்கில் நீதிபதி டிப்ளாக் பிரபு, பெரும்பான்மை தவறு, அட்கினே சரி என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த இரண்டிலும் லிவர்சிட்ஜ் பெயர் வரும் பத்திகளை மட்டும் தேடிப் படியுங்கள், பிடிபடும்.

ஒன்று கவனம்: பெரும்பான்மையிலிருந்து மாறுபட்ட நீதிபதியின் தீர்ப்பு தானாக எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. விடைத்தாளில் அட்கினை மட்டும் எழுதாமல் ராஸ்மின்ஸ்டரையும் சேர்த்தே எழுதுங்கள்.