பியர் போத்தலில் 1366 எதற்கு?

உப்புவெளி விடுதியொன்றில் ஸ்டெல்லா ஆர்ட்வா போத்தலில் 1366 என்று கண்டு, அவ்வளவு பழைய பியரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. அந்தப் பெயரில் பியர் வந்தது 1926-இல், கிறிஸ்மஸ் கால வெளியீடாக. 1366 என்பது பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்த டென் ஹோர்ன் (கொம்பு என்று பொருள்) பியர் ஆலையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆண்டு. செபஸ்தியான் ஆர்ட்வா அதை வாங்கியதே 1717-இல்தான். லேபலைக் கிட்டப் பார்த்தால் பழைய ஆலையின் கொம்புச் சின்னமும் தெரியும். பொய் என்று சொல்ல முடியாது; பாட்டனின் வயதைப் பேரன் தன் கணக்கில் எழுதிக்கொண்டது மாதிரி.

கின்னஸ் பியர்காரர் இன்னும் கெட்டிக்காரர்கள். 1759-இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் ஆண்டுக்கு 45 பவுண் வாடகையில் 9000 ஆண்டுக் குத்தகை எழுதினார். (9000! எழுதியவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.) அந்தப் பத்திரமே இன்று அவர்களுக்கு விளம்பரம்.

காரணம் எளிது. ஸ்டெல்லா போன்ற லாகர் வகைப் பியர்களைக் கண்ணை மூடிக் குடித்தால் பலருக்கு வேறுபாடு பிடிபடாது. சுவை தராத தனித்தன்மையைக் கதை தருகிறது.

இலங்கையில் 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடைசெய்கிறது. நிலாவெளி வீதியில் பதாகை வைக்க வழியில்லை. கதை சொல்ல எஞ்சியிருப்பது போத்தலின் லேபல்தான்.