நட்சத்திரத்தைத் தொங்கவிடுங்கள், சகோதரி

(2020 டிசம்பரில், கொரோனா கட்டுப்பாடுகள் இருந்தபோது எழுதிய கேள்வி பதில்)

கேள்வி: என் மகள் லண்டனில் நர்ஸ். மூன்று வருஷத்துக்குப் பிறகு லீவு கிடைத்து, கிறிஸ்துமஸுக்கு 23-ஆம் தேதி வருவதாக இருந்தாள், இப்போது கொரோனாவால் விமானம் கிடையாது என்றுவிட்டார்கள். அங்கே ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். “பிள்ளை அங்கே தனியாகக் கிடக்கும்போது இங்கே நட்சத்திரம் என்ன, பலகாரம் என்ன” என்கிறார் என் கணவர். குடில் பெட்டி பரணில் அப்படியே இருக்கிறது. அவள் இங்கே இருந்தவரை குடில் வேலை முழுக்க அவளுடையதுதான். வீட்டில் 81 வயது மாமியார் இருக்கிறார், கணவருக்குச் சர்க்கரை. நள்ளிரவுப் பூசைக்குப் போகலாமா? கேரல் பாட வருகிற பிள்ளைகளை உள்ளே விடலாமா? வருஷா வருஷம் எங்கள் வீட்டில் கூடும் 17 சொந்தங்களிடம் வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை ராத்திரி கிடைத்தது. பிரிட்டன் விமானங்களை 22-ஆம் தேதி இரவு 11.59 முதல் 31-ஆம் தேதி வரை நிறுத்துவதாக அறிவிப்பு வந்ததும் அன்றைக்குத்தான். ஒரு நாள் வித்தியாசத்தில் பிள்ளை வராமல் போனது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குப் புரிகிறது. மூன்று வருஷம் எண்ணி எண்ணிக் காத்திருந்திருப்பீர்கள், அவளுக்குப் பிடித்த மீனைக்கூட யாரிடமாவது சொல்லி வைத்திருப்பீர்கள். அழ வேண்டும் என்றால் அழுதுவிடுங்கள். ஆனால் உங்கள் கணவர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017-இல் ஓகி புயல் அடித்து, கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல், கடலோர ஊர்களில் கொண்டாட்டமே இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸ் போனது. அது துக்கம். அந்த வீடுகளில் நட்சத்திரம் தொங்காததற்கு நியாயம் இருந்தது. உங்கள் வீடு துக்க வீடு இல்லை, சகோதரி. உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள், வர முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டை இருட்டாகப் போட்டு வைத்தால் அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். போனில் கூப்பிடும்போது பின்னால் வெறும் சுவர், அப்பா முகத்தில் வாட்டம், அடுப்பில் ஒன்றுமில்லை. “என்னால்தானே” என்று அந்தப் பாரத்தையும் அவளே சுமப்பாள். இந்த வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்ற பிள்ளை. அவளுடைய லீவில் அவள் பார்க்க வேண்டியது வெளிச்சமாக இருக்கிற வீட்டை.

அதனால் முதல் வேலையாக நட்சத்திரத்தை வாசலில் கட்டிவிடுங்கள். அப்புறம் குடில் பெட்டியை இறக்கச் சொல்லுங்கள், ஆனால் நீங்களே வைத்துவிட வேண்டாம். அவளைக் கூப்பிட்டு போனைத் தரையில், குடிலுக்கு நேராக ஏதாவது ஒரு டப்பாவில் சாய்த்து வையுங்கள். அவள் சொல்லட்டும், ஆடு எங்கே நிற்க வேண்டும், சூசையப்பர் எந்தப் பக்கம் என்று. ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த ஏப்ரலில், ஊரடங்குக்குள் வந்த ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டில் தப்பு செய்தோம். குவைத்தில் இருக்கும் என் கொழுந்தனுக்கு வீடியோ கால் போட்டு, போனை ஆளுக்கு ஆள் கைமாற்றினோம். “சாப்பிட்டியா? வேலை எப்படி? உடம்பைப் பார்த்துக்கோ.” எல்லாரும் இதையே கேட்டார்கள், இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிறகு ஒரு நாள் அவர் சொன்னார்: “மைனி, அன்னைக்கு நான் பார்த்தது பூரா ஃபேனும் பாதி பாதி மூஞ்சியும்தான். நீங்க சமைக்கிறதைச் சும்மா பார்த்துட்டு இருந்தாலே போதும்னு இருந்துச்சு.” அதிலிருந்து எங்கள் வீட்டில் போனை அடுப்படி மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறோம். பேச்சு வந்தால் பேசுகிறோம், இல்லாவிட்டால் தாளிக்கிற சத்தம் மட்டும் போகும். ஒரு நாளும் போரடிக்கிறது என்று அவர் போனை வைத்ததில்லை.

நீங்கள் முந்திரிக்கொத்து செய்யும்போது அப்படி வையுங்கள். ஊருக்கே கொடுக்கிற அளவுக்கு வேண்டாம், கால் கிலோ சிறுபயறு போதும், உங்கள் கணவரின் சர்க்கரைக்கும் அதுதான் நல்லது. லண்டனில் உணவுக் கடைகள் திறந்துதான் இருக்கின்றன, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் தமிழ்க் கடைகளும் உண்டு. சிறுபயறும் எள்ளும் தேங்காயும் அவளுக்குக் கிடைத்துவிடும், கருப்பட்டி இல்லாவிட்டால் வெல்லம். நீங்கள் இங்கே பயறை வறுக்கும்போது அவளும் அங்கே வறுக்கட்டும். பாகு பதத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள், “இன்னும் ஒரு கொதி விடு மக்களே” என்று. மஞ்சள் போட்ட மாவில் மூன்று உருண்டையைச் சேர்த்து முக்கி எண்ணெயில் விடுவதற்குள் முதல் தடவை அவளுக்கு உதிர்ந்து போகும். போகட்டும், உதிர்ந்ததையும் தின்னலாம். எப்படியும் இங்கிருந்து பார்சல் அனுப்பி இந்த மூன்று நாளில் போய்ச் சேராது.

இப்போது பூசை. நள்ளிரவுக் கூட்டத்துக்கு மாமியாரையும் கணவரையும் கூட்டிப் போக வேண்டாம். 65 வயது தாண்டியவர்களும் சர்க்கரை போன்ற நோய் உள்ளவர்களும் வெளியே போகாமல் இருப்பது நல்லது என்று அரசே சொல்லியிருக்கிறது. உங்களுக்குக் கோயிலுக்குப் போகாமல் மனசு ஆறாது என்றால், 25-ஆம் தேதி பகலில் கூட்டம் குறைவான பூசைக்கு நீங்கள் மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு போய், வாசல் ஓரமாக நின்று வாருங்கள். மாமியாருக்கு நற்கருணை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று பங்குச்சாமியாரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

நள்ளிரவுக்கு வேறு வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. இத்தாலியில் இரவு 10 மணிக்கு ஊரடங்கு என்பதால், வத்திக்கானில் போப் பிரான்சிஸ் நிறைவேற்றும் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியை இந்த வருஷம் மாலை 7.30-க்கே வைத்திருக்கிறார்கள். ரோமில் மாலை 7.30 என்றால் நமக்குச் சரியாக நள்ளிரவு 12. லண்டனில் மாலை 6.30. வழக்கமான நேரத்தில் வைத்திருந்தால் இங்கே விடிகாலை 2 மணி ஆகியிருக்கும், மாமியாரால் உட்கார முடியாது. இந்தக் கட்டுப்பாட்டினாலேயே உங்கள் மூவருக்கும் உங்கள் மகளுக்கும் ஒரே பூசை ஒரே நேரத்தில் வாய்த்திருக்கிறது. நேரலையில் வரும். லத்தீன் புரியாவிட்டால் என்ன, எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று மாமியாருக்குத் தூக்கத்திலும் தெரியுமே. வானவர் கீதம் தொடங்கி மணி அடிக்கும்போது குழந்தை இயேசு சுரூபத்தை மாமியார் கையால் குடிலில் வைக்கச் சொல்லுங்கள். அதே நேரம் மகள் அங்கே தமிழில் “உன்னதங்களிலே” பாடட்டும்.

கேரல் பாடும் பிள்ளைகளை உள்ளே விட வேண்டாம். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், மார்ச் 10-ஆம் தேதி ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், அவர்களில் அறிகுறியோடு வந்தவர் ஒரே ஒருவர். 53 பேருக்குக் கொரோனா வந்தது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். மூடிய அறையில் வாய்விட்டுப் பாடுவது அவ்வளவு ஆபத்து. முற்றத்தில் தள்ளி நின்று ஒரு பாட்டு பாடிவிட்டுப் போகச் சொல்லுங்கள், மாமியார் ஜன்னல் வழியாகக் கேட்கட்டும், காணிக்கையைக் கவரில் போட்டுத் திண்ணையில் வைத்துவிடுங்கள்.

சொந்தங்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று: வாட்ஸ்அப்பில் செய்தி போடாதீர்கள். எழுத்தில் பார்த்தால் விரட்டுவதுபோல இருக்கும், குரூப்பில் ஆளாளுக்கு ஓர் அர்த்தம் எடுப்பார்கள். உங்கள் கணவரே அவருடைய தம்பிக்கு போன் போட்டு, “தம்பி, அம்மாவுக்கு 81 ஆச்சு, இந்த வருஷம் மட்டும் அவங்கவங்க வீட்டுல இருப்போம்டே. உன் பங்கு பலகாரம் காலையில வாசலுக்கு வந்துரும்” என்று நேரடியாகச் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் மைனி வேண்டாம் என்கிறாள் என்று ஆகும், அவர் சொன்னால் அண்ணன் அம்மாவுக்காகச் சொல்கிறார் என்று ஆகும். பாதிப் பேருக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருக்கும், அவர்கள் வீட்டிலும் வயசானவர்கள் இருப்பார்களே. சொன்னபடி பலகாரம் போய்ச் சேர வேண்டும், அதில் மட்டும் தவறாதீர்கள்.

மகளிடம் சொல்ல வேண்டியது இரண்டு. தனியாக வசிப்பவர்கள் வேறு ஒரே ஒரு வீட்டோடு சேர்ந்துகொள்ளலாம் என்று இங்கிலாந்தில் இந்தக் கொரோனா காலத்துக்கு ஒரு விதி இருக்கிறது, சப்போர்ட் பபுள் என்பார்கள். லண்டனில் ஞாயிற்றுக்கிழமை வந்த, நான்காம் அடுக்கு என்கிற மிகக் கடுமையான கட்டுப்பாட்டிலும் அதற்கு அனுமதி உண்டு. வேறு யாரோடும் இப்படிச் சேராத ஒரு தோழி வீடு இருந்தால் அங்கே போய்ப் பண்டிகைச் சாப்பாடு சாப்பிடலாம், சட்டப்படி தப்பில்லை. அவளுக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் அம்மா சொன்னால்தான் போவாள். இரண்டாவது, டிக்கெட். ரத்து செய்தது விமானக் கம்பெனி என்பதால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 31-க்குப் பிறகு என்ன முடிவு என்று பார்க்காமல் அவசரப்பட்டுப் புது டிக்கெட் எடுக்க வேண்டாம்.

குடிலுக்குப் புல் வேண்டுமே என்று இப்போது ஞாபகம் வருகிறது. கேழ்வரகு விதைத்துப் புல்லாக வளரப் பத்து நாளாவது வேண்டும், 24-க்குள் வெறும் முளைதான் தெரியும். பரவாயில்லை, ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குடில் இருக்கப்போகிறது. இன்றைக்கு ராத்திரியே ஒரு கைப்பிடி ஊறப்போட்டு, நாளைக் காலையில் சிரட்டையில் மண் போட்டுத் தூவிவிடுங்கள். தினமும் அவள் கூப்பிடும்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டுங்கள்.