குச்சியில் 62, நோட்டில் 512

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. 34-ஐயும் 28-ஐயும் குச்சிகளை எண்ணிக் கூட்டச் சொன்னால் 62 என்று சரியாகச் சொல்கிறாள். அதே கணக்கை நோட்டில் போட்டால் 512 என்று எழுதுகிறாள். கணித உபகரணப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு அபாகஸ் வகுப்பிலும் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த 512-ஐ உற்றுப் பாருங்கள். 3-ம் 2-ம் 5, 4-ம் 8-ம் 12. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். கூட்டல் அவளுக்கு நன்றாகவே வருகிறது. அந்த 5 என்பது ஐந்து பத்துகள் என்பதுதான் பிடிபடவில்லை. குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணி 62-க்கு வந்துவிடுகிறாள். அந்த வழியில் பத்து என்ற பேச்சே எழுவதில்லை. அதனால் குச்சியில் செய்ததற்கும் நோட்டில் எழுதுவதற்கும் அவள் மனதில் தொடர்பு கிடையாது.

குச்சிகள் அதே குச்சிகளாக இருக்கட்டும், கையாளும் விதத்தை மாற்றுங்கள். பத்துப் பத்தாக எண்ணி, அவளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டும். நீங்கள் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள், கட்டுவதுதான் பாடமே. ஒரு தாளின் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் கட்டுகள், வலப்பக்கம் தனிக் குச்சிகள். மேலே மூன்று கட்டு, நாலு குச்சி. கீழே இரண்டு கட்டு, எட்டு குச்சி. தனிக் குச்சிகளைச் சேர்த்தால் 12. வலப்பக்கம் பத்து சேர்ந்தால் கட்டி இடப்பக்கம் அனுப்ப வேண்டும், விதி அவ்வளவுதான். அந்தக் கட்டு கோட்டைத் தாண்டும் அதே நொடியில் நோட்டில் பத்துகளுக்கு மேலே 1 எழுதச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்தபின் எழுதினால் பயனில்லை. பெரும்பாலான வகுப்புகள் கோட்டை விடுவது இங்கேதான்: இன்றைக்குச் செயல்பாடு, நாளைக்குக் கணக்கு என்று பிரித்துவிடுகிறார்கள்.

சில நாள் கழித்துக் கட்டுக்கு ஒரு கோடு, குச்சிக்கு ஒரு புள்ளி என்று வரையட்டும். அப்புறம் எண் மட்டும். செயல், படம், குறியீடு என்ற இந்த வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களிலேயே விளக்கிவிட்டார். இதைத் தங்கள் புதிய முறை என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

கழித்தலும் இதேதான். 52-லிருந்து 27 போக 35 என்று எழுதும் குழந்தை, 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கும். 'கடன் வாங்கு' என்று சொல்லாதீர்கள். யாரிடமும் எதையும் வாங்கவில்லை, ஒரு கட்டை அவிழ்க்கிறோம். கையில் 12 தனிக் குச்சி வந்துவிடும்.

அந்தப் பெட்டிக்கு வருகிறேன். அதில் 1, 10, 100 என்று எழுதிய வட்ட வில்லைகள் இருக்கும், எல்லாம் ஒரே அளவில். பத்து என்றால் என்னவென்று பிடிபடாத குழந்தைக்கு 10 என்ற வில்லையும் ஒரு வில்லைதான். சில பெட்டிகளில் பத்துக்கு ஒரு நீளக் கட்டை வரும். அதைப் பிரிக்க முடியாது. ரப்பர் பேண்டை அவிழ்த்தால் பத்தும் கையில் இருக்கும். பள்ளி வழியாகவே பெட்டி விற்கிறார்கள் என்றால், அதில் கமிஷன் யாருக்கு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான் போன ஒரு பள்ளியில் உறை பிரிக்காத கணிதப் பெட்டிகள் பீரோவில் பூட்டிக் கிடந்தன. 'ஒரு துண்டு தொலைந்தாலும் நான்தான் பதில் சொல்லணும்' என்றார் ஆசிரியை. அவர் மேல் தப்பில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் இருப்புப் பதிவேட்டைத்தான் பார்க்கிறார்கள். குழந்தை அதைத் தொட்டதா என்று ஒருவரும் கேட்பதில்லை. வருஷக்கணக்காக இதே கதை, பார்த்துப் பார்த்து மனம் கசந்துவிட்டது.

அபாகஸ் வகுப்பும் இப்போது வேண்டாம். ஜப்பானிய வகை மணிச்சட்டத்தில் 34-உடன் முதலில் 20 சேர்த்து 54 ஆக்குவார்கள். பிறகு 8 சேர்க்க, 10-ஐ ஏற்றி 2-ஐ இறக்குவார்கள். வேலை இடமிருந்து வலமாக நடக்கிறது. நோட்டிலோ வலமிருந்து இடம். ஏற்கெனவே குழம்பிய குழந்தைக்கு மூன்றாவதாக ஒரு வழி எதற்கு? வேகமும் சான்றிதழும் கிடைக்கலாம், ஆனால் இந்த 512 அதனால் போகாது.

ஒரே ஒரு மணிச்சட்டத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டு கம்பி, கம்பிக்குப் பத்து மணி, ஐந்து ஒரு நிறம், ஐந்து வேறு நிறம். ஒவ்வொரு மணிக்கும் மதிப்பு ஒன்றுதான். ஜப்பானிய வகையில் உள்ளதுபோல மேல்மணிக்கு மட்டும் ஐந்து மதிப்பு என்ற ஏற்பாடெல்லாம் இதில் இல்லை. மேல்கம்பியில் 8, கீழே 4 தள்ளினால், கீழிருந்து 2-ஐத் திருப்பி அனுப்பி மேலே 2 தள்ளி, பத்தும் இரண்டுமாக்கிவிடலாம். ஒவ்வொன்றாக எண்ணும் பழக்கம் இதில் மெல்ல விடுபடும். நிறம் ஐந்தில் மாற வேண்டும். பத்தும் ஒரே நிறமானால் குழந்தை மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிடும். கடையில் வாங்கவும் தேவையில்லை, அட்டையும் நூலும் மணியும் போதும்.

ஒரு வாரம் கழித்து 46-ஐயும் 37-ஐயும் நோட்டில் கூட்டச் சொல்லுங்கள். 713 வந்தால் கட்டுக்கே திரும்புங்கள். 83 வந்தால், மேலே போட்ட அந்த 1 எது என்று குச்சிகளில் காட்டச் சொல்லுங்கள். ஒற்றைக் குச்சியைத் தொட்டால் இன்னும் ஒரு வாரம் வேண்டும். கட்டை எடுத்து நீட்டினால் குச்சிகளை உள்ளே வைத்துவிடலாம்.