படித்தவர்களும் பண்பாடும்: சில கேள்விகள்

கேள்வி: ஒரு சமூகத்தின் பண்பாட்டை உருவாக்குவது படித்தவர்கள்தானே?

பதில்: உருவாக்குவது என்று சொல்ல எனக்குத் தயக்கம். பாட்டும் பழமொழியும் பெரும்பாலும் ஏடறியாதவர்களிடம் பிறந்தவை. அவற்றில் எது மதிப்புள்ளது, எதை எழுதி வைக்கலாம் என்று தீர்மானிப்பதுதான் படித்தவர்கள் கையில் இருக்கிறது. அது சின்ன அதிகாரம் அல்ல.

கொரியாவைப் பாருங்கள். எளிய மக்களும் கற்கும்படி ஓர் எழுத்துமுறையை அரசர் செஜோங் 1443இல் அமைத்தார். 1444இல் அதை எதிர்த்து விண்ணப்பம் கொடுத்தது யார் என்கிறீர்கள்? அவருடைய அரசவை அறிஞர்களே! சீன எழுத்தை விட்டால் நாகரிகமே போய்விடும் என்பது அவர்கள் வாதம். ஆனாலும் 1446இல் அரசர் அந்த எழுத்தை வெளியிட்டும் விட்டார். அதைப் பெரிதும் புழக்கத்தில் வைத்திருந்தவர்கள் பெண்களும் சாமானியர்களும். அரசு ஆவணங்களில் அது இடம்பிடிக்க 1894 வரை ஆயிற்று. அப்புறம் அதற்கு அகராதியும் இலக்கணமும் செய்ய உழைத்து, 1942இல் ஜப்பானிய ஆட்சியில் சிறைக்குப் போனவர்களும் அறிஞர்கள்தான். அதனால் மொத்தமாகத் திட்டவும் மனம் வரவில்லை.

கேள்வி: மக்களிடம் இறங்கி வந்த அறிஞர் என்று யாரைச் சொல்வீர்கள்?

பதில்: எனக்குப் பிடித்தவர் பிரான்சின் திதரோ. கத்தி செய்பவரின் மகன். 1751 முதல் 1772 வரை 28 தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர். பட்டறைகளுக்குப் போய், தொழிலாளிகளிடம் கேட்டு எழுதும் வழக்கம் அதில் இருந்தது. 11 தொகுதிகள் படங்களுக்கே; அவற்றில் பெரும்பகுதி கைத்தொழில்கள். தத்துவத்துக்குப் பக்கத்திலேயே தறியும் உலையும்!

கேள்வி: நிறையப் படித்தால் பக்குவம் தானாக வந்துவிடாதா?

பதில்: வராது. ஜெர்மன் தத்துவமேதை ஹைடெகரே 1933இல் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்.

கேள்வி: பட்டம் பெறாதவர் அறிஞரின் வேலையைச் செய்ய முடியுமா?

பதில்: ஃபிரெடரிக் டக்ளஸ் செய்தாரே. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தடையை மீறி எழுத்துக் கற்று, தப்பி வந்து அடிமை முறையை எதிர்த்து மேடையேறினார். அவர் பேச்சின் நேர்த்தியைக் கேட்டவர்கள், இவர் அடிமையாக இருந்திருக்கவே முடியாது என்றார்கள். கூட இருந்த நண்பர்களோ, நம்ப வைக்க, கொஞ்சம் தோட்டத்து அடிமைகளின் பேச்சையும் கலந்து பேசச் சொன்னார்கள். அவர் 1845இல் தன் எஜமானர் பெயரையும் ஊரையும் போட்டுத் தன்வரலாறு எழுதிவிட்டார். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் கடல் கடந்து பிரிட்டனுக்குப் போக வேண்டியதாயிற்று.